பெரிய தீ விபத்தின்போது கட்டுப்பாட்டு அறையில் பதிவு வைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

சாதாரண நாளில் தீயணைப்புக் கட்டுப்பாட்டு அறையின் பதிவேடு எளிது. ஓர் அழைப்பு, ஒரு முகவரி, ஒரு வண்டி, அணைத்தாயிற்று என்று ஒரு வரி. அடுக்குமாடிக் குடியிருப்போ பெரிய வணிக வளாகமோ எரியும் இரவில் இந்தக் கணக்கு உதவாது. ஒரே வீட்டிலிருந்து நான்கு பேர் நான்கு மேசைகளுக்குப் பேசுவார்கள். வெளியூரில் இருக்கும் மகன் அம்மாவுக்காகக் கூப்பிடுவார். பத்து நிமிடம் கழித்து அதே அம்மா பக்கத்து வீட்டிலிருந்து பேசுவார். அழைப்பு வாரியாக எழுதினால் பதிவேட்டில் ஆறு வரி இருக்கும். ஆறும் ஒரே குடும்பம் என்று யாருக்கும் தெரியாது.

லண்டனில் கிரென்ஃபெல் டவர் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில் 2017 ஜூன் 14 அதிகாலை பிடித்த தீயில் 72 பேர் இறந்தார்கள். அதன் விசாரணை அறிக்கையின் முதல் பகுதி 2019 அக்டோபரில் வந்தது. மாட்டிக்கொண்டவர்கள் தொலைபேசியில் சொன்ன தகவல் சீட்டு, வயர்லெஸ், செல்போன் என்று பல கை மாறித்தான் கட்டடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. எந்த வீட்டுக்கு ஆள் போனார்கள், யார் வெளியே வந்தார்கள் என்ற தகவல் கட்டுப்பாட்டு அறைக்குச் சரிவரத் திரும்பவில்லை. கட்டுப்பாட்டு அறையில் பதிவாகும் தகவல் அதே நேரத்தில் சம்பவ இடத்திலும் திரையில் தெரிகிற மின்னணு முறை வேண்டும் என்று அந்த அறிக்கை பரிந்துரைத்தது. அப்படி ஒரு திரை இல்லாத அறையில் அதே வேலையைக் காகிதம், பலகை, வயர்லெஸ் வைத்துச் செய்யும் முறைதான் கீழே இருப்பது. கணினி இருக்கும் அறைக்கும் இது மாற்று ஏற்பாடாக உதவும்.

1. முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டியவை

மேற்பார்வையாளர் மேசைக்கு அடியில் ஒரு பெட்டி இருக்கட்டும். அதில் வரிசை எண் அச்சிட்ட மூன்று பிரதி சீட்டு 200, பக்க எண் போட்டுத் தைத்த பதிவேடு 2, பால்பாயின்ட் பேனா 20, பலகைக்கான மார்க்கர் நான்கு நிறத்தில், பெரிய கிளிப் அட்டை 6, டார்ச் லைட் 2. ஜெல் பேனா வேண்டாம். தண்ணீர் பட்டால் எழுத்து கரையக்கூடும், கார்பன் பிரதியிலும் அழுத்தம் விழாது. தனித் தாள்களையும் தவிர்க்க வேண்டும். நடுவில் ஒன்று காணாமல் போனால் போனதே தெரியாது. தைத்த பதிவேட்டில் தெரிந்துவிடும்.

அடுத்தது கடிகாரம். அறையில் குறைந்தது நான்கு நேரம் ஓடும்: சுவர்க் கடிகாரம், கணினி, குரல் பதிவுக் கருவி, சிசிடிவி. நெட் இணைப்பு உள்ள கணினி தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும்; இணைப்பில்லாத குரல் பதிவுக் கருவி மாதக்கணக்கில் விலகிக்கொண்டே போகும். ஒவ்வொரு ஷிஃப்ட் தொடக்கத்திலும் ஒன்றை மூலக் கடிகாரமாக வைத்து, மற்றவை எவ்வளவு முந்தி, எவ்வளவு பிந்தி என்று பதிவேட்டின் முதல் வரியில் எழுத வேண்டும். சம்பவம் நடக்கும்போது கடிகாரத்தைத் திருத்தக் கூடாது. திருத்தினால் அதற்கு முன் எழுதிய நேரங்கள் எந்தக் கணக்கில் எழுதியவை என்ற குழப்பம் வரும். வித்தியாசத்தை எழுதி வைத்தாலே போதும்.

மூன்றாவது, உங்கள் எல்லைக்குள் இருக்கும் உயரமான கட்டடங்களுக்குத் தலா ஒரு பக்கக் குறிப்பு: எத்தனை மாடி, ஒரு மாடியில் எத்தனை வீடு, எண் எப்படிப் போகிறது, படிக்கட்டு எத்தனை, எந்தப் பக்கம். எண் போகும் முறைதான் இதில் உயிர்நாடி. கிரென்ஃபெல்லில் 16-ஆம் எண் வீடு 4-ஆவது மாடியில் இருந்தது, 201-ஆம் எண் வீடு 23-ஆவது மாடியில். வீட்டு எண்ணின் முன்பகுதியோடு மூன்றைக் கூட்டினால்தான் மாடி வரும். 201 என்றதும் இருபதாவது மாடி என்று எழுதுகிறவர் மீட்புக் குழுவை மூன்று மாடி கீழே நிறுத்திவிடுவார். நம் ஊரிலும் இதே வலை உண்டு. கீழே கார் நிறுத்தும் ஸ்டில்ட் தளத்தைச் சிலர் மாடிக் கணக்கில் சேர்ப்பார்கள், சிலர் சேர்க்க மாட்டார்கள். சென்னையில் ஒரே கதவுக்குப் பழைய எண், புதிய எண் என்று இரண்டு இருக்கும்.

2. எப்போது பெரிய சம்பவப் பதிவுக்கு மாறுவது

ஒரே கட்டடத்திலிருந்து ‘வெளியே வர முடியவில்லை’ என்று இரண்டாவது வீடு சொன்ன உடனே மாறுங்கள். சம்பவ இடத்து அதிகாரி கூடுதல் வண்டி கேட்ட உடனேயும் மாறலாம். எது முந்துகிறதோ அதுவே தொடக்கம்.

புதியவர்கள் வழக்கமாகத் தடுமாறும் இடம் இது. ‘இன்னும் கொஞ்சம் பார்ப்போம்’ என்று சாதாரணப் பதிவேட்டிலேயே இருபது நிமிடம் எழுதிவிட்டு, பிறகு பழைய வரிகளைப் புதிய படிவத்துக்கு மாற்ற ஓர் ஆளை உட்கார வைப்பார்கள். அந்த ஆள் தேவைப்படும் நேரமும் அதுதான். தேவையில்லாமல் மாறியிருந்தால் நான்கு சீட்டு வீண். மாறாமல் இருந்தால் வரும் நட்டம் அதைவிடப் பெரிது.

மாறும்போது மூலக் கடிகார நேரம், மாற்றச் சொன்னவர் பெயர், காரணம் மூன்றையும் ஒரே வரியில் எழுதிக் கோடு போடுங்கள்.

3. ஆளைப் பிரிப்பது

குறைந்தது நான்கு வேலைகள் தனித்தனி ஆளிடம் இருக்க வேண்டும்: அழைப்பு எடுப்பவர், பலகை எழுதுபவர், வயர்லெஸ் ஆபரேட்டர், நிகழ்வுப் பதிவாளர். மேற்பார்வையாளர் இந்த நான்கிலும் சேராதவர்.

பதிவாளர் போனை எடுக்கக் கூடாது. எல்லா லைனும் அடித்துக்கொண்டிருக்கும்போது ஒருவர் சும்மா எழுதிக்கொண்டிருப்பது பார்ப்பவர் கண்ணை உறுத்தும்; ‘நீயும் ஒரு லைன் எடு’ என்று யாராவது சொல்வார்கள். எடுத்தால் அந்த அழைப்பு முடியும்வரை அறையில் நடந்தது எதுவும் பதிவாகாது. மாட்டிக்கொண்டவருடைய அழைப்பு அரை மணி நேரம்கூட நீளும்.

ஆள் மிகக் குறைவு என்றால் பலகையும் பதிவேடும் ஒருவரிடம் சேரலாம். வயர்லெஸையும் பதிவேட்டையும் மட்டும் சேர்க்காதீர்கள். மைக்கில் பேசிக்கொண்டே எழுதுகிறவர் தான் பேசியதை மட்டுமே எழுதுவார். அறையின் மறுமூலையில் எடுத்த முடிவு அவர் காதில் விழாது.

4. சீட்டில் என்ன எழுதுவது

மாட்டிக்கொண்டவரிடமிருந்து வரும் ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு சீட்டு. ஒரு பிரதி பலகைக்காரருக்கு, ஒன்று வயர்லெஸுக்கு, அடிப்பிரதி அழைப்பு எடுத்தவரிடமே. கேட்கும் வரிசை முக்கியம், ஏனென்றால் எந்த நொடியிலும் லைன் அறுந்து போகலாம்.

முதலில் இடம்: பிளாக், கதவில் எழுதியுள்ள எண், எத்தனையாவது மாடி, சாலைப் பக்கமா பின்பக்கமா. கதவு எண்ணையும் மாடியையும் தனித்தனியாகக் கேளுங்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றை நீங்களாக ஊகிக்க வேண்டாம். இரண்டும் கட்டடக் குறிப்போடு பொருந்தவில்லை என்றால் அப்போதே திருப்பிக் கேட்கலாம்.

அடுத்து எத்தனை பேர், அதில் குழந்தைகள், நடக்க முடியாதவர்கள் எத்தனை. பிறகு புகை எங்கே: வீட்டுக்கு வெளியே மட்டுமா, கதவு இடுக்கில் நுழைகிறதா, அறைக்குள் வந்துவிட்டதா. ‘புகை இருக்கிறது’ என்று மொட்டையாக எழுதினால் பத்து வீட்டில் எந்த வீட்டுக்கு முதலில் போவது என்று சம்பவ இடத்து அதிகாரியால் முடிவெடுக்க முடியாது.

அதற்குப் பிறகு பேசுபவரின் எண். கடைசியாக, நீங்கள் சொன்ன அறிவுரை: ‘உள்ளே இருங்கள்’ அல்லது ‘வெளியேறுங்கள்’. இந்தக் கட்டத்தை வெறுமையாக விடுவதுதான் அடிக்கடி காணும் பிழை. சொன்னவருக்கு அது மனதில் இருக்கும் என்பதால் எழுதத் தோன்றாது. ஏழாவது படியில் இந்தக் கட்டம் இல்லாமல் ஒன்றும் நடக்காது.

வெளியிலிருந்து உறவினர் பேசினால் சீட்டின் மூலையில் ‘நேரடி அல்ல’ என்று குறியுங்கள். அவர் சொல்வது அரை மணி முன்பு கேட்டதாக இருக்கலாம். உள்ளே இருப்பவரின் எண்ணை அவரிடமே வாங்கி, இயன்றால் அந்த எண்ணுக்கே கூப்பிடலாம்.

5. பலகை: ஒரு வீட்டுக்கு ஒரு வரி

இந்த வழிகாட்டியின் மையம் இதுதான். சீட்டுகள் அழைப்பைக் கணக்கு வைக்கின்றன. பலகை இடத்தைக் கணக்கு வைக்க வேண்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் இட எண். அந்த வீட்டிலிருந்து எத்தனை அழைப்பு வந்தாலும் புது வரி கிடையாது; பழைய வரியில் நேரமும் மாற்றமும் மட்டும் சேரும்.

நிரம்பிய ஒரு வரி இப்படி இருக்கும்:

இடம் 07 / பி பிளாக், 6-ஆவது மாடி, கதவு 63, பின்பக்கம் / 4 பேர் (குழந்தை 2, படுக்கையில் இருப்பவர் 1) / 22:14 கதவு இடுக்கில் புகை, 22:26 அறைக்குள் புகை / அறிவுரை: உள்ளே / ஸ்பாட்டுக்கு 22:17, 22:28 / குழு 22:31 / நிலை: குழு போனது

புகை நிலை மாறிய நேரம் அதே வரியில் பக்கத்தில் நிற்பதைப் பாருங்கள். பன்னிரண்டு நிமிடத்தில் நிலைமை எப்படிப் போனது என்று ஒரு பார்வையில் தெரிகிறது. இரண்டு சீட்டாகப் பிரிந்து கிடந்தால் இது தெரியாது.

மக்கள் வீடு மாறுவார்கள். கிரென்ஃபெல்லில் பலர் புகைக்குப் பயந்து மேல் மாடிகளுக்குப் போனார்கள். 63-இல் இருந்தவர்கள் 82-க்குப் போய்விட்டால், இடம் 07-ஐ அழிக்காதீர்கள். ‘4 பேரும் 22:40 இடம் 11-க்கு’ என்று எழுதி, இடம் 11-இல் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். நான்கில் மூவர் மட்டும் போயிருந்தால் ஒருவர் எங்கே என்ற கேள்வி பலகையிலேயே நிற்கும். அந்தக் கேள்வி நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் ஆள் எண்ணிக்கை.

நிலைக்கு ஐந்தே சொற்கள்: திறந்தது, குழு போனது, வெளியே வந்தனர், தேடியாயிற்று ஆளில்லை, தொடர்பில்லை. இவற்றில் ‘வெளியே வந்தனர்’, ‘தேடியாயிற்று ஆளில்லை’ இரண்டு மட்டுமே வரியை மூடும். அதுவும் சம்பவ இடத்திலிருந்து பெயர் சொல்லி உறுதி வந்த பிறகு. ஆளில்லை என்று மூடிய வரியில் பேர் எண்ணிக்கை மிச்சம் இருந்தால், அவர்கள் எங்கே என்று வேறொரு வரியில் பதில் கிடைக்கும்வரை எண்ணிக்கையைச் சிவப்பில் வட்டமிட்டு வையுங்கள்.

‘தொடர்பில்லை’ என்பது லைன் அறுந்ததைத்தான் சொல்கிறது. வீட்டில் ஆள் இல்லை என்று சொல்லவில்லை. ‘குழு போனது’ என்பதும் மீட்பு அல்ல. பி.ஏ. செட் (சுவாசக் கருவி) போட்டு ஏறும் குழு வழியில் படிக்கட்டில் மயங்கிக் கிடக்கும் வேறொருவரைப் பார்த்தால் அவரைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடும். அது சரியான செயல். ஆனால் ஒதுக்கிய வீட்டுக்கு யாரும் போகவில்லை என்பது பலகையில் ஏறாவிட்டால் அந்த வீடு கணக்கிலிருந்து விழுந்துவிடும். கிரென்ஃபெல்லிலும் குழுக்கள் இப்படி வழியிலேயே திரும்பியதுண்டு.

பலகையைத் துடைக்கும் முன்பும், எதையும் துடைக்காவிட்டாலும் 15 நிமிடத்துக்கு ஒருமுறையும், அலுவலக போனில் படம் எடுங்கள். கூகுள் ஷீட்டில் செய்யலாமா என்று கேட்பார்கள். தாராளமாக, நெட் போகும்வரை.

6. சம்பவ இடத்துக்கு அனுப்புவது, திரும்ப வாங்குவது

வயர்லெஸில் இட எண்ணை முதலில் சொல்லி, பிறகு மாடி, கதவு, பேர், புகை. எண்களை ஒற்றை இலக்கமாகச் சொல்லுங்கள். இரைச்சலில் பதினேழும் பதினெட்டும் ஒன்றாகவே கேட்கும். எழுபதும் எழுநூறும் அப்படியே. ‘ஒன்று ஏழு’ என்றால் குழப்பம் இல்லை. எதிர்முனை திருப்பிச் சொன்ன பிறகே அனுப்பிய நேரத்தைப் பலகையில் ஏற்ற வேண்டும். ‘ஓகே’ என்ற பதிலைத் திருப்பிச் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சம்பவ இடத்திலும் இந்தப் பட்டியலுக்கென்று ஒருவர், ஒரு பலகை, அதே இட எண்கள் இருக்க வேண்டும். இல்லையென்று தெரிந்தால் மேற்பார்வையாளர் கேட்டு வாங்கட்டும். யாருக்குச் சொன்னோம் என்பது ‘ஸ்பாட்டுக்குச் சொன்னோம்’ என்று இருக்கக் கூடாது. பதவியும் பெயரும் வேண்டும்.

பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை இரு பலகைகளையும் ஒப்பிடுங்கள். மூடிய வரிகளைப் படித்து நேரத்தை வீணாக்க வேண்டாம். திறந்திருக்கும் இட எண்களை மட்டும் இரு பக்கமும் வரிசையாகப் படித்தால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். ஒரு பக்கம் திறந்தும் மறுபக்கம் மூடியும் இருக்கும் எண் கிடைத்தால் அது திறந்ததாகவே கணக்கு.

உங்கள் லைன்கள் நிரம்பினால் அழைப்பு வேறு அறைகளுக்குப் போகும். கிரென்ஃபெல் இரவில் லண்டனுக்கு வெளியே உள்ள கட்டுப்பாட்டு அறைகளும் மாட்டிக்கொண்டவர்களிடம் பேசின. நம்மூரில் அதே ஆள் 101, 112, 108 மூன்றுக்கும் முயல்வார். மற்ற அறைகள் தகவல் தர ஒரே ஓர் எண்ணை ஒதுக்கி, அந்த எண்ணை உடனே அவர்களுக்குச் சொல்லுங்கள். அதில் வருவதும் சீட்டில் ஏறி, அதே பலகைக்கு வரும்.

வாட்ஸ்அப் வேகமானது, அதனால் யாரும் விடமாட்டார்கள். தடுப்பது வீண். வாட்ஸ்அப்பில் வந்த எந்தத் தகவலின்மேல் நடவடிக்கை எடுக்கிறீர்களோ அது பதிவேட்டில் ‘வாட்ஸ்அப் வழி’ என்ற குறிப்போடு ஏற வேண்டும் என்ற ஒரே விதி போதும். குரல் செய்தியைத் தேட முடியாது. தானாக மறையும் செய்தி மறைந்தே போகும்.

7. அறிவுரை மாறும் நேரம்

கதவை மூடி உள்ளே இருங்கள் என்ற அறிவுரை, தீ ஒரு வீட்டுக்குள் அடங்கியிருக்கும்வரை சரி. வெளிச்சுவர் வழியாகவோ படிக்கட்டு வழியாகவோ பரவினால் அது தலைகீழாகும். கிரென்ஃபெல்லில் முதல் அழைப்பு வந்தது 00:54-க்கு. அறிவுரை மாறியது 02:35-ஐ ஒட்டி.

மாற்றம் முடிவானதும் மேற்பார்வையாளர் எழுந்து நின்று எல்லா மேசைக்கும் சத்தமாகச் சொல்ல வேண்டும்; பதிவாளர் நேரத்தை எழுதி, ஒவ்வொரு மேசையும் கேட்டதாகக் கை காட்டியதைக் குறிக்க வேண்டும். போனில் இருப்பவருக்குக் காதில் விழாது. அவர் முன்னால் எழுதிய அட்டையை நீட்டுங்கள்.

பிறகுதான் பெரிய வேலை. பலகையில் ‘அறிவுரை: உள்ளே’ என்றிருக்கும் எல்லாத் திறந்த வரிகளுக்கும் திருப்பிக் கூப்பிட வேண்டும். அவர்கள் நீங்கள் சொன்னதை நம்பி உள்ளே இருக்கிறார்கள். ஒவ்வொரு வரியிலும் புதிய அறிவுரை, சொன்ன நேரம், அல்லது ‘எடுக்கவில்லை, இரு முறை’ என்று எழுதுங்கள். எடுக்காதவர்களின் பட்டியல் உடனே சம்பவ இடத்துக்குப் போக வேண்டும். அந்த வீடுகளுக்கு இனி ஆள் போனால்தான் உண்டு.

8. முடிவுப் பதிவேடு

நிகழ்வுப் பதிவேட்டில் நடந்தது இருக்கும். முடிவுப் பதிவேடு தனி. அதில் ஏன் என்பது இருக்கும். ஐந்து கட்டம்: நேரம், முடிவு, அப்போது தெரிந்தது, வேண்டாமென்று விட்ட வழி, முடிவெடுத்தவர் கையெழுத்து.

‘அப்போது தெரிந்தது’ என்பதில் பின்னால் தெரிந்ததைச் சேர்த்து எழுதும் ஆசை வரும். சேர்த்தால் அந்த வரிக்கு மதிப்பில்லை. எதுவும் செய்ய வேண்டாம் என்று எடுத்த முடிவும் முடிவே. ‘22:50, இரண்டாவது ஏணி வண்டி இப்போதைக்கு வேண்டாம், காரணம் பின்பக்கச் சந்து 3 மீட்டர் அகலமே’ என்ற ஒரு வரி இல்லாவிட்டால், பிறகு பார்ப்பவருக்கு மறந்துவிட்டதாகவே தோன்றும்.

பிழையான சொல்லை ஒற்றைக் கோட்டால் அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம். வெள்ளை மை கூடாது. தாமதமாக எழுதினால் ‘பின்பதிவு’ என்று தொடங்கி, நடந்த நேரம், எழுதும் நேரம் இரண்டையும் போடுங்கள். நள்ளிரவு தாண்டும்போது பக்கம் முழுக்க ஒரு கோடு இழுத்துப் புதிய தேதி எழுதுங்கள். 00:10 எந்த நாளின் 00:10 என்ற சண்டை இதனால் மிச்சம்.

9. ஷிஃப்ட் மாற்றம்

எல்லா மேசையும் ஒரே நேரத்தில் மாறக் கூடாது. முதலில் அழைப்பு எடுப்பவர்கள், பத்து நிமிடம் கழித்துப் பலகைக்காரர், கடைசியாகப் பதிவாளர். புதிய பலகைக்காரர் திறந்த வரிகளை உரக்கப் படிக்க, பழையவர் கேட்டு ஆமோதிக்க வேண்டும். பழையவர் படித்துப் புதியவர் தலையாட்டினால் எதுவும் மனதில் ஏறாது. இருவர் கையெழுத்தும் நேரமும் பதிவேட்டில்.

10. முடிந்த பிறகு

குரல் பதிவை அன்றைக்கே தனியாக எடுத்து வையுங்கள். பெரும்பாலான கருவிகள் இடம் நிரம்பியதும் பழையதன்மேலேயே பதிவு செய்யும். பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற சாட்சியச் சட்டம் 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதன் 63-ஆவது பிரிவின்படி மின்னணுப் பதிவைச் சாட்சியமாகத் தரும்போது சான்றிதழ் வேண்டும், அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பும் (கோப்பு மாறவில்லை என்று சரிபார்க்க உதவும் குறியீடு) குறிக்க வேண்டும். நகலெடுக்கும்போதே ஹாஷை எடுத்து எழுதிவிட்டால் பின்னால் அலைச்சல் இல்லை. முதல் வரியில் குறித்த கடிகார வித்தியாசத்தையும் கோப்போடு வையுங்கள்.

சீட்டுகளை எண் வரிசையில் அடுக்கி, விடுபட்ட எண்களைப் பட்டியலிடுங்கள். எழுதிக் கிழித்துப் போட்ட சீட்டும் அடுக்கில் இருக்க வேண்டும்.

ஃபேர் காப்பி எழுதாதீர்கள். நம் அலுவலகங்களில் இது பழக்கமாகிவிட்டது: கிறுக்கலாக இருக்கிறது, மேலதிகாரி பார்ப்பார் என்று அழகாக எழுதிப் பழையதைத் தூக்கிப் போடுவார்கள். கிறுக்கல்தான் மூலம். படிக்க முடியாத வரிக்கு எழுதியவரிடமே கேட்டுத் தனித் தாளில் விளக்கம் இணைக்கலாம். மூலத்தில் கை வைக்கக் கூடாது.

11. பயிற்சி

மாதம் ஒருமுறை, 40 நிமிடம். பத்து நிமிடத்தில் 20 அழைப்பு, ஆனால் 9 வீடுகள்தான். அதில் ஒரு குடும்பம் வீடு மாறும், ஒருவர் மாடியைத் தவறாகச் சொல்வார், ஓர் அழைப்பு வெளியூர் உறவினர், ஒன்று வேறு அறை வழியாக வரும். பதினெட்டாவது நிமிடத்தில் அறிவுரையை மாற்றுங்கள். இருபத்தைந்தாவது நிமிடத்தில் அறை விளக்கையும் கணினியையும் அணைத்துவிடுங்கள்.

முடிவில் மூன்றே கேள்வி: எத்தனை வீடு திறந்திருக்கிறது, அவற்றில் மொத்தம் எத்தனை பேர், பழைய அறிவுரையோடு இன்னும் யார் உள்ளே இருக்கிறார்கள். பலகையைப் பார்த்து ஒரு நிமிடத்துக்குள் பதில் வரவில்லை என்றால், அல்லது 9 வீட்டுக்குப் பலகையில் 13 வரி இருந்தால், ஐந்தாவது படியிலிருந்து மறுபடி.